கடன் வாங்க முடியாத முதல்

மூளை, முதுகெலும்பு நலம்: வணிகர்கள் அறிய வேண்டிய சில செய்திகள்

வாணிபத்தில் முதல் போனால் மீண்டும் சேர்த்துவிடலாம். வங்கி கடன் தரும், உறவினர் கைகொடுப்பர், மொத்த வியாபாரி ஒரு மாதம் தவணை தருவார். வெள்ளத்தில் சரக்கை இழந்து மறுபடியும் கடை திறந்தவர்கள் நம்மிடையே உண்டு. தீயில் எல்லாம் போய், அடுத்த பொங்கலுக்குள் எழுந்து நின்றவர்களும் உண்டு. ஆனால் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கும் ஒரு முதல், போனால் போனதுதான். தலைக்குள் இருக்கும் ஏறத்தாழ 1,400 கிராம் மூளையும், முதுகெலும்புக்குள் ஒரு முழ நீளத்துக்கு, சுண்டுவிரல் தடிமனில் ஓடும் தண்டுவடமுமே அந்த முதல். தோல் கிழிந்தால் புதுத் தோல் வளரும். எலும்பு முறிந்தால் கூடும். மூளையிலும் தண்டுவடத்திலும் செத்த நரம்பணு மறுபடி முளைக்காது என்றே நாம் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். அந்தச் சிரசையும் முதுகையும் கடையில் எப்படி நடத்துகிறோம் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

மேற்கே வேலூர், வடகிழக்கே சென்னை

வாலாஜாபாத்திலும் காஞ்சிபுரத்திலும் இருக்கும் நமக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவில் நரம்பியல் அறுவை மருத்துவம் தொடங்கிய முதல் இரண்டு இடங்களும் நமக்கு இருபுறத்திலும், பேருந்தில் சில மணி நேரத் தூரத்திலேயே இருக்கின்றன. மேற்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் இத்துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1950இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி தொடங்கினார்.

இராமமூர்த்தி 1922இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். இன்றுபோல் அன்று ஸ்கேன் கிடையாது. சி.டி. ஸ்கேன் உலகத்துக்கு வந்ததே 1970களில்தான். நோயாளியின் கண்பாவையைப் பார்த்தும், கைகால் அசைவைப் பார்த்தும், எக்ஸ்ரே எடுத்தும் மூளையில் எங்கே கோளாறு என்று கணித்துத் திறந்தார்கள். அப்படித் தொடங்கிய துறையிலிருந்து பல மாணவர்கள் உருவாகி வெளியே வந்தனர். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர் என்று போற்றப்படும் டாக்டர் டி.எஸ். கனகா இங்கே பயின்று 1968இல் பட்டம் பெற்றவர். பத்மபூஷண் விருது பெற்ற இராமமூர்த்தி, அறுவைக் கத்தியோடு நின்றுவிடாமல் மனம், யோகம், விழிப்புநிலை ஆகியவை பற்றியும் ஆராய்ந்தார். 2003இல் மறைந்தார். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வைத்த ஆங்கிலத் தலைப்பு, வழி நெடுக மேடு என்ற பொருள் தருவது. அந்த நாளில் இத்துறை ஏறிய மேடு அப்படிப்பட்டதுதான்.

எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் காண்கிற உண்மை ஒன்று உண்டு. அறுவை மேசைக்கு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி, மருத்துவமனைக்கு வருவதற்கு வெகு முன்பே சாலையிலும் கடையிலும் கிடங்கிலும் முடிவாகிவிடுகிறது. கத்தி வந்து சேர்வது கடைசியில்தான். மீதியெல்லாம் நம் கையில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், அதில் கணிசமான பங்கு கடை முதலாளியின் கையில் இருக்கிறது.

சாலையில் போகும் தலை

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தொழிற்சாலைக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கும், ஜல்லி ஏற்றிய டிப்பர்களுக்கும் நடுவே நம் ஆட்கள் மொபெட்டில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை வைத்துக்கொண்டு போகிறார்கள். தலைக்கவசம் பெட்ரோல் டாங்க் மேலோ கண்ணாடியிலோ தொங்கும். காவலர் நிற்கும் இடத்துக்கு மட்டும் அது தலைக்கு ஏறும்.

தலைக்கவசம் பரவிய கதையில் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் வருத்தத்துக்கும் பங்கு உண்டு. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பெயர் பெற்ற ஆங்கிலேயர் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். எவ்வளவு திறமையிருந்தும் காப்பாற்ற முடியாத நிலை. அதன்பின் அவர் இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் தூதர்களின் விபத்துகளை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் கட்டுரையாக வெளியிட்டார். பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், தலைக்கவசம் மரண ஆபத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கிறது என்று தெரியவந்தது. இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவு பெரிய காப்பீடு வேறெங்கும் கிடைக்காது. வாரைக் கட்டாமல் போட்டால் மட்டும் அந்தக் காப்பீடு செல்லாது. விழும்போது முதலில் கழன்று ஓடுவது அதுதான்.

சரக்கு கொண்டுபோகும் ஆளுக்கு மொபெட் சாவியைக் கொடுக்கும் முதலாளி, கூடவே தலைக்கவசத்தையும் கொடுக்க வேண்டும். ‘போட்டால்தான் சாவி’ என்பது கடையின் விதியாகட்டும். கோயம்பேட்டுக்கு நள்ளிரவில் கிளம்பும் வண்டிக்காரர் பகலில் தூங்கினாரா என்று கேட்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நன்றாகப் பேசினாரே!

அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி, டீ குடித்துவிட்டுக் கடைக்கே திரும்பிவிடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி. களைப்பில் தூங்குகிறார் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். காலையில் எழுப்பினால் எழவில்லை. ‘நேற்று நன்றாகப் பேசினாரே’ என்று அழுகிறார்கள். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே கசியும் இரத்தம் இப்படித்தான் ஏமாற்றும். அதே இரத்தக்கட்டியைச் சரியான நேரத்தில் திறந்து எடுத்துவிட்டால் முழுமையாகக் குணமடைபவர்கள் பலர். உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது சில மணி நேரம்தான். தலையில் அடிபட்டு ஒரு நொடி நினைவு தப்பினாலும், வாந்தி, மயக்கம், குழப்பம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் வந்தாலும், வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதியவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. பாதி ஏற்றிய ஷட்டரில் பெரியவர் தலையை இடித்துக்கொள்கிறார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று நான்கு வாரம் கழித்துக் கணக்கில் தடுமாறுகிறார், நடை தள்ளாடுகிறது. வயதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறோம். உள்ளே மெல்ல மெல்லத் தேங்கிய பழைய இரத்தமாக அது இருக்கக்கூடும். மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிட்டால் பலர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெரியவருக்குத் திடீரெனத் தடுமாற்றம் வந்தால் வயதின் மேல் பழியைப் போடுவதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

சாலையோரக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விபத்தை முதலில் பார்ப்பவர் நீங்கள்தான். கழுத்திலும் முதுகிலும் அடிபட்டவரைக் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடித்துத் திணித்தால், தப்பியிருந்த தண்டுவடமும் போய்விடும். தீ, வெள்ளம், வாகன நெரிசல் போன்ற உடனடி ஆபத்து இல்லாவிட்டால் அசைக்காமல், 108 வண்டிக்குச் சொல்லுங்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி, மரக்கட்டையைத் தூக்குவது போல் பலகையில் தூக்க வேண்டும். ‘உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ’ என்ற பயம் இனி வேண்டாம். விபத்தில் உதவுவோருக்குப் பாதுகாப்பளிக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதி செய்தது. மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019 திருத்தத்தின் மூலம் அது இடம்பெற்றுவிட்டது. செலவுக்கும் வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிப்பதற்காக ஏற்பட்டது.

வெள்ளிக்கோல் கணக்கு

இனி முதுகுக்கு வருவோம். முதுகெலும்பு, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகளால் ஆனது. அவற்றுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. இந்த வட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவதால்தான் இடுப்பிலிருந்து கால்வரை மின்னல் போல் இழுக்கும் வலி வருகிறது என்பதை 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

வட்டு ஏன் பிதுங்குகிறது? நமக்குப் பழக்கமான வெள்ளிக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் பாரத்தை, கோலின் கோடியில் இருக்கும் சிறிய எடை சமன் செய்துவிடும். எடை அதேதான், தூரம்தான் கணக்கை மாற்றுகிறது. முதுகிலும் அப்படியே. முதுகுத் தசை வட்டின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து இழுக்கிறது. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கையை நீட்டி, 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துத் தூக்கினால், அந்தத் தசை பத்து மடங்கு, அதாவது 250 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுவை முழுவதும் வட்டின் மேல் விழும். நம் உடம்பின் எடை இதில் சேரவில்லை. அதே சிப்பத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் பாரம் பாதிக்கும் கீழே இறங்கும்.

ஆகவே முழங்காலை மடக்குங்கள், சரக்கை நெஞ்சோடு அணையுங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்தித் திரும்புங்கள். அடிக்கடி எடுக்கும் கனமான சரக்கைத் தரையிலும் வைக்க வேண்டாம், தலைக்கு மேலும் வைக்க வேண்டாம். இடுப்பு உயரத்தில் வையுங்கள். பத்து அங்குல உயரத்துக்கு ஒரு மரப்பலகை மேடை போட்டு மூட்டைகளை அடுக்கினால் கரையானும் ஈரமும் அண்டாது. எடுப்பவரின் முதுகும் அவ்வளவு தாழக் குனிய வேண்டியிராது.

மூட்டையின் எடையையும் பேச வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் செய்த பரிந்துரையில், வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கத்தக்க உச்ச அளவு 55 கிலோ என்று கூறியது. அதே ஆண்டின் சுமை பற்றிய உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1991இல் வகுத்த கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்த நிலையிலும் ஒருவர் தொடர்ந்து தூக்கத்தக்க அளவு 23 கிலோதான். இதையெல்லாம் மீறிய மூட்டைகள் இன்னும் நம் கிடங்குகளில் தலைச்சுமையாக ஏறி இறங்குவதை நாம் அறிவோம். சும்மாடு தலைக்கு இதம் தரும்; கழுத்தெலும்புக்குள் இருக்கும் வட்டுக்கு அது தெரியாது. ஒரு கைவண்டி, ஒரு சாய்வுப் பலகை, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் வழக்கம் ஆகிய மூன்றும் பெரிய முதலீடுகள் அல்ல.

காலை ஷட்டரும் பகல் இருக்கையும்

வட்டுக்குத் தனியே இரத்தக் குழாய் கிடையாது என்று சொல்லலாம். பஞ்சு நீரை உறிஞ்சுவது போல், நாம் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. பகலில் நிமிர்ந்திருக்கும்போது மெல்ல வற்றுகிறது. இதனால் காலையில் நம் உயரம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு கூடுதலாக இருக்கும். பருத்திருக்கும் அந்தக் காலை நேரத்தில்தான் வட்டு எளிதில் அடிபடும். அந்த நேரத்தில் நாம் செய்வது என்ன? படுக்கையை விட்டு எழுந்த கையோடு கடைக்கு வந்து, குனிந்து பூட்டைத் திறந்து, ஒரே மூச்சில் ஷட்டரை மேலே வீசுகிறோம். பலருக்கு முதன்முதலில் இடுப்புப் பிடித்துக்கொள்வது அந்த இடத்தில்தான். எழுந்து அரை மணி, ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு அந்த வேலையைச் செய்யுங்கள். ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். ஷட்டரின் சுருளுக்கும் தண்டவாளத்துக்கும் எண்ணெய் போட மறக்க வேண்டாம்.

சுவீடன் நாட்டு மருத்துவர் நாகெம்சன் 1960களில் வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்றால், மல்லாந்து படுத்தால் 25 அளவு; முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் 185 வரை போயிற்று. நிமிர்ந்து அமர்வது பற்றிய கணக்கைப் பிற்கால அளவீடுகள் திருத்தின. ஆனால் முன்குனிவது வட்டுக்குப் பகை என்ற முடிவு மாறவில்லை. கல்லாவில் கூன் போட்டு அமர்பவரும், தோளுக்கும் காதுக்கும் நடுவே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு ஆர்டர் எழுதுபவரும், மெத்தையில் சம்மணமிட்டு எட்டி எட்டிப் பட்டுப்புடவை விரிக்கும் விற்பனையாளரும், குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்து நெய்யும் நெசவாளரும் இந்த ஒரே கணக்கில் வருபவர்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பது இவர்கள் எல்லோருக்கும் உகந்த மருந்து. செலவும் இல்லை.

உட்கார்ந்தே இருப்பவருக்கு அந்த நோவு என்றால், நின்றே இருப்பவருக்கு வேறு நோவு. ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்களை நாம் பார்க்கிறோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம், எல்லாப் பணியாளருக்கும் உட்கார இருக்கை வசதி வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளம் இதை 2018இலேயே செய்தது. ஆய்வாளர் வருகிறார் என்பதற்காக மூலையில் நாலு ஸ்டூல் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைப்பது சட்டத்தை மதிப்பதாகாது. வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தவர், மாலை நேர வியாபாரத்தில் முகம் சுளிக்காமல் நிற்பார். லாபமும் அதில்தான் இருக்கிறது.

கடையைச் சாத்திவிட்டுப் போகலாமா?

நம் தொழிலில் பலரை வீழ்த்துவது பக்கவாதம். வாய் ஒருபக்கம் கோணுகிறது, ஒரு கை தானே சரிகிறது, பேச்சு குழறுகிறது. மூன்றில் ஒன்று திடீரென வந்தாலே போதும், பக்கவாதம் என்றே கொள்ள வேண்டும். ‘வாரச் சந்தை நாள், கடையைச் சாத்திவிட்டுப் போகலாம்’ என்று காத்திருப்பதுதான் பெருந்தவறு. மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் அடைத்த ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும். ஆகவே சோடா உடைத்துக் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் புரையேறும். கைக்கு வந்த மாத்திரையையும் கொடுக்காதீர்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். ஸ்கேனும் இந்த ஊசியும் இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கும் பக்கத்து மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

பக்கவாதத்துக்குப் பெரிய காரணம் இரத்தக் கொதிப்பு. பெரும்பாலும் அது வலிக்காது, அறிவிப்புக் கொடுக்காது. 140க்கு 90 என்ற அளவைத் தாண்டினால் மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். ‘சரியாகிவிட்டது’ என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவது, வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று கொள்முதலை நிறுத்துவது போல. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், புகையிலையை விடுவதும், ஊறுகாய் அப்பளத்தில் உப்பைக் குறைப்பதும் இதனோடு சேர்ந்தவை. முடிதிருத்தும் இடத்தில் கழுத்தைச் சட்டெனத் திருப்பி நெட்டி முறிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அரிதாகத்தான் என்றாலும், மூளைக்குப் போகும் கழுத்துக் குழாய் அதில் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

எந்த வலிக்குப் பயப்பட வேண்டும்?

இடுப்புவலி வந்தவுடன் ‘ஆபரேஷன் என்பார்கள், கால் விளங்காமல் போகும்’ என்று பயந்து ஒளிபவர் பலர். உண்மையில், வட்டு பிதுங்கியவர்களிலும் பெரும்பாலோர் சில வாரங்களில் அறுவையின்றியே தேறுகிறார்கள். நாள் கணக்கில் படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. முடிந்த அளவு நடமாடுவதே நல்லது.

ஆனால் சில அறிகுறிகள் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, இருக்கையில் படும் இடம் மரத்துப்போவது, பாதம் தொய்ந்து செருப்பு கழன்று விழுவது ஆகியவை அவை. இந்த நிலையில் தாமதித்தால் சிறந்த அறுவை மருத்துவராலும் போனதை முழுவதும் மீட்க முடியாது. மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்த முதுகுவலி, எலும்பில் காசநோயாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. தைலம் தேய்த்து மாதங்களை வீணாக்க வேண்டாம்.

வணிகப் பெருமக்களே, நாம் ஆண்டுக்கு ஒருமுறை இருப்புக் கணக்கு எடுக்கிறோம். இந்த ஆண்டு அதோடு கடையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எத்தனை பேருக்கு ஸ்டூல் இருக்கிறது, எந்த மூட்டை அளவுக்கு மீறிய கனம், எந்த வண்டிக்குத் தலைக்கவசம் இல்லை, எவருக்கு இரத்தக் கொதிப்பு பார்த்து ஒரு வருடம் ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் சங்கமும் கடைவீதியில் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை பரிசோதனை முகாம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்தலாம். அதில் முதலாளிகளுக்கு முன்னால் மூட்டை சுமப்பவர்களையும் கடைப் பணியாளர்களையும் வரிசையில் நிறுத்துவோம். அந்தத் தாளில் எழுதியதில் பாதியை இந்த மாதமே தீர்த்துவிட்டால், நம் கடைவீதியிலிருந்து அறுவை மேசைக்குப் போகிறவர்கள் குறைவார்கள்.